யாரு அபகரிச்சா?
(விடுதி மாணவர்களுக்கான கட்டுரைப் பயிற்சி முகாமில் பேசியது)



எம்.ஏ. படிக்கும்போது நான் எழுதிய முதல் கட்டுரை, தாள் முழுக்கச் சிவப்பு மையோடு திரும்பி வந்தது. அடியில் ஒரு வரி: "இவர்களுக்கெல்லாம் மொழி வராது." அந்தப் பன்மையில் யார் யார் அடக்கம் என்று எனக்குப் புரிந்தது. இலக்கணம் அவங்க சொத்து, நமக்கெதுக்கு என்று ரொம்ப நாள் ஒதுங்கியே இருந்தேன். அது தப்பு என்று காட்டியது ஒரு மனு.

எங்க அப்பா நிலத்துக்காகத் தாலுகா ஆபீசில் கொடுத்த மனு. காசு வாங்கிக்கிட்டு எழுதிக் கொடுத்தவர், "மேற்படி நிலம் அபகரிக்கப்பட்டுள்ளது" என்று எழுதியிருந்தார். அதிகாரி படித்துவிட்டு, "யாரு அபகரிச்சா? ஒண்ணும் எழுதலியே" என்றார். ஆள் பேர் அப்பாவுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். மனுவில்தான் இல்லை. மனு திரும்பி வந்தது.

இதுதான் செயப்பாட்டு வினை. 'படு' சேர்த்துவிட்டால் செய்தவனை வாக்கியத்திலிருந்து கழற்றிவிடலாம். வாக்கியம் முழுசாகவே நிற்கும். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் தீயில் 'இறந்தனர்' என்று எழுதினால் அது விபத்து. 'எரிக்கப்பட்டனர்' என்றால் குற்றம் உண்டு, குற்றவாளி இல்லை. 'நிலவுடைமையாளர்களின் ஆட்கள் 44 பேரைக் குடிசைக்குள் எரித்தனர்' என்று எழுதும்போதுதான் வரலாறு. மூன்றிலும் இலக்கணப் பிழை கிடையாது. செய்தவர் யாரென்று உண்மையிலேயே தெரியாதபோது 'படு' போடுங்கள். தெரிந்தும் போட்டால் அவனைத் தப்பவிடுகிறோம். 'கருதப்படுகிறது', 'கூறப்படுகிறது' என்று எழுதும்போதும் யார் கருதுகிறார், யார் கூறுகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது விகுதி. "பண்ணையார் சொன்னார், கூலியாள் சொன்னான்" என்று நம் கையே எழுதிவிடுகிறது. ஆர், ஆன் என்ற இரண்டு விகுதியில் சாதி உட்கார்ந்திருக்கிறது. கட்டுரையில் எல்லாருக்கும் ஒரே மரியாதைதான்.

ஒற்று விட்டால் என்ன என்று நம்மிலேயே சிலர் கேட்கிறார்கள். 'வேலை கொடுத்தான்' என்றால் கூலிக்கு வேலை. 'வேலைக் கொடுத்தான்' என்றால் கையில் வேல். ஒரு 'க்' செய்கிற வேலை அது. நீண்ட வாக்கியத்தில் எழுவாய் ஒரு கோடியிலும் பயனிலை மறு கோடியிலும் கிடக்கும். இரண்டிலும் விரல் வைத்துப் பாருங்க. 'மாணவர்கள்' என்று தொடங்கி 'வந்தது' என்று முடிந்தால் வாக்கியத்தை இரண்டாக வெட்டுங்கள்.

இனி பத்தி. ஒரு பத்திக்கு ஒரு கருத்து. பஞ்சமி நிலத்தை எடுத்துக்குவோம். முதல் வாக்கியத்தில் கருத்தைச் சொல்லுங்கள்: பஞ்சமி நிலத்தைப் பிற சாதியார் வாங்கியது நிபந்தனை மீறல். அடுத்து சான்று: செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891-இல் அறிக்கை கொடுத்தார், 1892-இல் அரசு நிலம் ஒதுக்க ஆணையிட்டது, முதல் பத்தாண்டு விற்கக்கூடாது, பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. அதன்பின் முடிவு: ஆகவே, வாங்கியவர் கையில் பத்திரம் இருப்பதாலேயே நிலம் அவருடையதாகிவிடாது. பத்தி முடிந்தது. காரணை நிலத்துக்காக 1994-இல் போராடியவர்களைப் போலீஸ் சுட்டதை எழுத வேண்டுமா? அவசியம் எழுதணும், ஆனால் அடுத்த பத்தியில். கோபத்தில் இங்கேயே திணித்தால் இரண்டுமே கெட்டுப்போகும். 'ஆகவே' என்று எழுதுமுன் மேலே காரணம் இருக்கிறதா என்று பாருங்கள். காரணம் இல்லாத 'ஆகவே' வெறும் சத்தம்.

இதை அம்பேத்கரிடம் படிக்கலாம். 1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் இந்தியாவில் சாதிகள் பற்றிக் கட்டுரை வாசித்தார். அப்போது அவருக்கு வயது 25. செனார், நெஸ்ஃபீல்ட், ரிஸ்லி, கேத்கர் ஆகியோர் சாதிக்குக் கொடுத்த வரையறைகளை முதலில் முன்வைக்கிறார். எங்கே குறை என்று காட்டுகிறார். அதன் பிறகே அகமணம்தான் சாதியின் சாரம் என்கிற தன் கருத்துக்கு வருகிறார். எதிராளி பேசியதை ஒழுங்காகச் சொல்லிவிட்டு மறுக்கிறார். அதனால்தான் அந்தக் கட்டுரையை இன்றும் யாராலும் ஒதுக்க முடியவில்லை.

அப்படியானால் நம்ம வீட்டுப் பேச்சு மட்டமா? இல்லை. 1992-இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது அந்தப் பேச்சே இலக்கியமாக நின்றது. அதை யாரும் திருத்த வேண்டியதில்லை. கட்டுரைத் தமிழ் வேற வேலைக்கான வேற கருவி. மண்வெட்டி இருக்குதுன்னு அரிவாளை யாரும் தூக்கிப் போடுறதில்லை.

அப்பாவின் இரண்டாவது மனுவை நான் எழுதினேன். ஆள் பேர், சர்வே எண், தேதி, ஒரு விஷயத்துக்கு ஒரு பத்தி. நிலம் இன்னும் வரலை. ஆனால் அந்த மனுவைத் திருப்பித் தர அவர்களுக்குக் காரணம் கிடைக்கலை. பதிவு எண் போட்டு வாங்கிக்கிட்டாங்க. நீங்களும் எழுதி முடித்ததும் சத்தம் போட்டு வாசிங்க. ஒவ்வொரு வாக்கியத்திடமும் அந்த அதிகாரி கேட்டதையே கேளுங்க: யாரு?