பிள்ளைகள் நம்மோடு வரும் காலம்

(பள்ளி விடுமுறையையொட்டி நடைபெற்ற பெற்றோர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

விடுமுறையில் பிள்ளைகளோடு செல்லும் பயணத்தைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். குளிர்நாட்டுக்காரர்கள் இதைக் கோடைப் பயணம் என்பார்கள். நமக்கு ஏது தனிக் கோடை? பன்னிரண்டு மாதமும் வெயில்தான், நடுநடுவே மழை. பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும் நாள்தான் நமக்குக் கோடை.

முதலில் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று நான்கு வயதுக்கு முன் நடந்தவற்றில் மிகச் சிலவே பெரியவர்களான பிறகு நம் நினைவில் நிற்கின்றன. ஆகவே ஐந்து வயதிலிருந்து தொடங்குவோம். பதினைந்து வயதுக்குமேல் எஸ்.பி.எம். தேர்வு, நண்பர்கள், பகுதி நேர வேலை என்று பிள்ளைக்குத் தனி உலகம் வந்துவிடுகிறது. இடையில் இருப்பது பத்து ஆண்டு. ஆண்டுக்கு ஒரு நீண்ட விடுமுறை என்றால் பத்து விடுமுறை. வீட்டில் இரண்டு பிள்ளைகள், இருவருக்கும் நான்கு வயது வித்தியாசம் என்றால், இருவரும் சேர்ந்து நம்மோடு வரக்கூடிய விடுமுறை ஆறுதான். அதிலே ஒன்று அப்பாவுக்கு விடுப்புக் கிடைக்காமல் போகும். ஒன்று டியூஷனில் போகும். ஒன்று வீட்டில் யாருக்காவது உடல்நலம் இல்லாமல் போகும். மிஞ்சுவது மூன்று. அன்பர்களே, இது ஒரு கையின் விரல்களுக்கும் குறைவு. "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்று சொல்லும்போதெல்லாம் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் முப்பதாண்டுகளுக்குமேல் ஆசிரியராகப் பணியாற்றியவன். விடுமுறை முடிந்து திரும்பும் மாணவர்களை, "விடுமுறையில் நான் சென்ற இடம்" என்று கட்டுரை எழுதச் சொல்வது வழக்கம். விமானம் ஏறிப் பெரிய கேளிக்கைப் பூங்காவுக்குப் போய்வந்த பிள்ளை, போன இடங்களின் பட்டியலை எழுதிப் பத்து வரியில் முடித்துவிடும். பழைய காரில் சித்தப்பா வீட்டுக்குப் போன பிள்ளை இரண்டு பக்கம் எழுதும். மழையில் டயர் பஞ்சரானது, முகம் தெரியாத ஒரு மலாய்க்கார ஐயா இறங்கிவந்து உதவியது, அம்மா காருக்குள்ளேயே எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தது, தம்பி அதற்குள் தூங்கிப்போனது, எல்லாம் அதில் இருக்கும். பணம் கொடுத்து வாங்கிய காட்சியைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். தாங்களும் ஒரு பங்கெடுத்துக்கொண்ட நிகழ்ச்சியை நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்.

காருக்கு வேறொரு சிறப்பும் உண்டு. வீட்டில் ஆளுக்கோர் அறை, ஆளுக்கொரு கைத்தொலைபேசி. காரிலோ சாத்திக்கொள்ளக் கதவுள்ள அறை இல்லை. எல்லோரும் ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறோம். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையனை எதிரே உட்காரவைத்து, "என்னப்பா, பள்ளிக்கூடம் எப்படிப் போகிறது?" என்று கேட்டால், "ஓகேதாம்பா" என்பதோடு முடித்துக்கொள்வான். அதே பையன் முன் இருக்கையில், சாலையைப் பார்த்தபடி ஐம்பது மைல் போன பிறகு, நாம் கேட்காததையெல்லாம் தானாகவே சொல்லத் தொடங்குவான். முகத்துக்கு முகம் பார்க்காத இடத்தில் மனம் எளிதாகத் திறக்கிறது.

நம் நாட்டில் சாலைக்குக் குறைவில்லை. 1985-இல் பினாங்குப் பாலம் வந்தது. 1994-இல் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது. புக்கிட் காயு ஈத்தாம் முதல் ஜொகூர் பாரு வரை 772 கிலோமீட்டர். அதற்குமுன் பழைய சாலையில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, பட்டணம் பட்டணமாகப் புகுந்து கோலாலம்பூர் போய்ச் சேருவதற்குள் பொழுது போய்விடும். இன்று காலையில் புறப்பட்டால் மதியச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் வேகச் சாலையில் ஊர்கள் எல்லாம் பெயர்ப் பலகைகளாகிவிட்டன. தைப்பிங், கோல கங்சார், தாப்பா, பீடோர் என்று பலகைகள் வருகின்றன, போகின்றன. பிள்ளைகளுக்கு அவை வெறும் எழுத்து.

ஆகவே என் முதல் வேண்டுகோள் இது. ஒவ்வொரு பயணத்திலும் ஏதாவது ஓர் இடத்தில் நெடுஞ்சாலையை விட்டு வெளியேறுங்கள். ஓர் ஊர், இரண்டு மணி நேரம் போதும்.

தைப்பிங்கில் இறங்கி, கோல செப்பெத்தாங் வரை போய்ப் பாருங்கள். அதன் பழைய பெயர் போர்ட் வெல்ட். இந்த நாட்டின் முதல் ரயில் பாதை 1885-இல் தைப்பிங்குக்கும் அந்தத் துறைமுகத்துக்கும் இடையில்தான் போடப்பட்டது. அதைப் போட இலங்கையிலிருந்து தொழிலாளர் படையை வரவழைத்தார்கள். அந்த ரயில் இன்று இல்லை. நிலையத்தின் பழைய பெயர்ப் பலகை நிற்கிறது. ஆங்கிலம், ஜாவி, சீனம் ஆகியவற்றோடு தமிழிலும் ஊர்ப் பெயர் எழுதியிருக்கிறது. உங்கள் பிள்ளையை அதன்முன் நிறுத்தி, வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். "இங்கே ஏனப்பா தமிழ்?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்காகவே அவ்வளவு தூரம் போகலாம்.

கோல கங்சாரில், 1877-இல் நடப்பட்ட ரப்பர் மரங்களுள் ஒன்று இன்றும் நிற்கிறது. நம்மில் பலருடைய தாத்தாக்களை இந்த மண்ணுக்கு வரவழைத்தது அந்த மரத்தின் பால்தான். வடக்கே போனால், மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு. கடாரம் என்று நாம் படிப்பது அந்தப் பக்கத்தைத்தான். 1025-இல் இராஜேந்திர சோழனின் கடற்படை வந்ததைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு சொல்கிறது. ஜெராய் மலையடிவாரத்தில், புக்கிட் பத்து பஹாட்டில், பழங்கோயில் ஒன்றின் கல் அடித்தளத்தைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கலாம். பாடநூலில் இரண்டு வரியாக இருந்தது காலடியில் கல்லாக இருக்கும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். இவற்றையெல்லாம் விட முதலில் காட்டவேண்டிய இடம் ஒன்று உண்டு. அது எந்தச் சுற்றுலாப் புத்தகத்திலும் இருக்காது. அது உங்கள் குடும்பம் வாழ்ந்த இடம்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன். பட்டணத்தில் வாழும் குடும்பம். ஒரு விடுமுறையில், எண்பதைத் தாண்டிய பாட்டியை முன் இருக்கையில் உட்காரவைத்து, அவர் பிறந்து வளர்ந்த தோட்டத்துக்குப் போனார்கள். போய்ப் பார்த்தால் தோட்டமே இல்லை. பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்து, அதிலும் பாதி போய் வீடமைப்புப் பகுதி வந்திருந்தது. லயம் இருந்த அடையாளமே இல்லை. மகனுக்கு ஏமாற்றம், திரும்பிவிடலாம் என்றார். பாட்டிதான், "கொஞ்சம் நிறுத்துய்யா" என்று இறங்கினார். ஒரு பெரிய மாமரத்தையும் பக்கத்தில் ஓடிய சாக்கடையையும் வைத்து இடத்தைக் கண்டுபிடித்தார். பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தா, இங்கதாம்மா நம்ம வீடு. அந்தா, அங்கதான் பெரட்டுக் களம். விடியக் காலையில தண்டலு பேர் கூப்பிடுவாரு. எங்கப்பா அங்க நிப்பாரு" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். பேத்திக்கு லயம் என்றால் என்னவென்று தெரியாது, பெரட்டு தெரியாது, தவறணை தெரியாது. ஒவ்வொன்றாகக் கேட்டாள். பாட்டி சளைக்காமல் சொன்னார்.

அடுத்த ஆண்டு அந்தப் பாட்டி காலமாகிவிட்டார். இன்று அந்தக் குடும்பத்தில், கொள்ளுத்தாத்தா காலையில் நின்ற இடம் எது என்று காட்டக்கூடியவர் அந்தப் பேத்தி ஒருத்திதான். அவள் தந்தைக்குக்கூட அன்றுவரை அது தெரியாது. இன்னும் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இடம் முன்பே போய்விட்டது. சொல்பவரும் போயிருந்தால் எதுவும் எஞ்சியிருக்காது.

இது வெறும் மன நெகிழ்ச்சி என்று யாரும் எண்ணவேண்டாம். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்து உளவியல் பேராசிரியர்கள் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் என்னும் இருவர், குடும்பக் கதைகளைப் பற்றி இருபது கேள்விகள் தயாரித்துப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். உன் தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், உன் பெற்றோர் எப்படிச் சந்தித்தார்கள் என்பன போன்ற கேள்விகள். அதிகமாக விடை தெரிந்த பிள்ளைகளிடம் தன்னம்பிக்கையும் கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். விடைகளை மனப்பாடம் செய்யவைத்தால் அந்தப் பயன் வராது. சாப்பாட்டு வேளையிலும் பயணத்திலும் பெரியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதால்தான் வருகிறது.

இனி நடைமுறைக்குச் சில குறிப்புகள்.

பிள்ளைகளைச் சாமான்போல் பின்னிருக்கையில் ஏற்றிச் செல்லாதீர்கள். வேலை கொடுங்கள். எட்டு வயதுப் பிள்ளை, பயணச் செலவைச் சிறு நோட்டில் குறிக்கட்டும். டோல் இவ்வளவு, பெட்ரோல் இவ்வளவு, நாசி லெமாக் இவ்வளவு என்று எழுதட்டும். கணக்கும் வரும், அப்பாவின் பணம் எங்கே போகிறது என்பதும் புரியும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை வழி சொல்லட்டும். பதினைந்து வயதுப் பிள்ளையிடம் ஒரு முழு நாளை ஒப்படைத்துவிடுங்கள். எங்கே நிற்பது, எங்கே சாப்பிடுவது என்பதை அவனே முடிவு செய்யட்டும். அவன் தேர்ந்தெடுத்த கடை சரியில்லை என்றாலும் முகம் சுளிக்காமல் சாப்பிடுங்கள். அடுத்த பயணத்துக்கு அவன் வருவானா என்பது அந்த முகத்தில்தான் இருக்கிறது.

கைத்தொலைபேசியை அடியோடு தடுத்தால் சண்டைதான் மிஞ்சும். புறப்பட்ட முதல் ஒரு மணி நேரமும், சாப்பிடும் நேரமும் யாரும் தொடுவதில்லை என்று ஓர் ஒப்பந்தம் போதும். அது அப்பா அம்மாவுக்கும் சேர்த்துத்தான்.

பாதுகாப்பில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பின்னிருக்கையிலும் வார் அணியவேண்டும் என்பது 2009 முதல் நம் நாட்டில் சட்டம். சிறு பிள்ளைகளுக்குத் தனி இருக்கை 2020 முதல் கட்டாயம். "பக்கத்து ஊர்தானே" என்று மடியில் வைத்துக்கொள்ளும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். இரவு முழுதும் ஓட்டி ஒரு நாளை மிச்சம் பிடிக்க நினைக்கவேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓய்விடத்தில் நிறுத்துங்கள். கண் கனத்தால் அங்கேயே கால் மணி நேரம் தூங்குங்கள்.

வசதி இல்லையே என்பவர்களுக்கு ஒரு சொல். ஐந்து நட்சத்திர விடுதி இதற்குத் தேவையில்லை. உறவினர் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, பெரியப்பா பிள்ளைகளும் அத்தை பிள்ளைகளும் வரிசையாகப் படுத்துப் பேசிய இரவை எந்த விடுதியும் கொடுக்காது. கார் இல்லாவிட்டால் ரயில் இருக்கிறது, பேருந்து இருக்கிறது. காலையில் போய் மாலையில் திரும்பும் பயணமும் பயணம்தான்.

கடைசியாக ஒன்று. பட்டர்வொர்த்திலிருந்து காரோடு படகில் ஏறித் தீவுக்கு வருவதைப் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும் என்று பலர் ஆண்டுக்கணக்காக நினைத்திருந்தோம். 2021 ஜனவரியோடு படகில் கார் ஏற்றுவது நின்றுவிட்டது. இன்றைய படகில் ஆளும் மோட்டார் சைக்கிளும் மிதிவண்டியும் ஏறலாம், கார் ஏற முடியாது. 2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, மாநில எல்லையைத் தாண்டித் தாயைப் பார்க்கக்கூடப் போகமுடியாமல் தவித்தவர்கள் இந்த அவையிலேயே இருப்பீர்கள். ஜொகூர் பாலம் பழையபடி திறந்தது 2022 ஏப்ரல் முதல் நாளில்தான். சாலை எப்போதும் திறந்திருக்கும், பெரியவர்கள் எப்போதும் இருப்பார்கள், பிள்ளைகள் எப்போதும் கூப்பிட்டதும் வருவார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மூன்றும் ஒரே நேரத்தில் கூடிவரும் காலம் மிகச் சிறிது.

ஆகவே இன்று வீட்டுக்குப் போனதும் இரண்டு காரியம் செய்யுங்கள். நாட்காட்டியை எடுத்து வரும் விடுமுறையில் மூன்று நாளைக் குறித்துவிடுங்கள். பிறகு வீட்டிலுள்ள மூத்தவரிடம் போய், "நீங்கள் சிறுவயதில் இருந்த இடத்துக்கு எங்களுக்கு வழி காட்டுவீர்களா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைப் பிள்ளைகளை விட்டே கேட்கச் சொன்னால் இன்னும் சிறப்பு.

 போய்வரும் பயணமெல்லாம் நலமாக அமையட்டும்.