பசித்திருப்பாரோ என்ற கவலை: காளத்தி மலையில் திண்ணனார் கண்டது



நகரியில் நின்று தமிழில் பேசுகிறேன். வடக்கே திருமலையும் காளத்தியும், தெற்கே திருத்தணி. நடுவில் இந்த ஊர். 1960-இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது, நகரி ஆந்திரத்தில் நின்றது. கும்பிடப் போகிறவர்களின் கால்களுக்கு அந்தக் கோடு தெரியவில்லை. கண்ணப்பர் என்று பெயர் பெற்ற திண்ணனார் கதையை இங்குள்ளவர்கள் சேக்கிழார் வழியாகத் தமிழிலும் கேட்டிருப்பார்கள், கிருஷ்ணதேவராயர் காலத்துத் தூர்ஜடி வழியாகத் தெலுங்கிலும் கேட்டிருப்பார்கள். ஆகவே கதை சொல்லித் தருவது என் நோக்கம் இல்லை. அந்தக் கதையிடம் ஒரு கேள்வி கேட்க வந்திருக்கிறேன். ஒருவர் கடவுளை நேரே கண்டார் என்று எதை வைத்துச் சொல்வது?

நம் சாத்திரம் இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்கவில்லை. 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் எழுதிய சிவஞான சித்தியார், நூலின் வாசலிலேயே அளவைகளைப் பேசுகிறது. காட்சி என்பதை அது நான்காகப் பிரிக்கிறது. ஐம்பொறிகளால் அறிவது வாயிற்காட்சி. மனத்தால் தெளிவது மானதக்காட்சி. இன்ப துன்பங்களைத் தனக்குள் உணர்வது தன்வேதனைக் காட்சி. தவத்தால் மலம் நீங்கி அறிவது யோகக்காட்சி. கடவுளைக் காண்பது என்றதும் நம்மில் பலர் கடைசி ஒன்றைத்தான் நினைக்கிறோம். கண்ணை மூடி, மூச்சை அடக்கி, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பெறுவது என்று.

திண்ணனார் அப்படி எதுவும் செய்யவில்லை. பொத்தப்பி நாட்டு உடுப்பூரில், வேடர் தலைவன் நாகனுக்கும் தத்தைக்கும் பிறந்த பிள்ளை. இன்றைய இராஜம்பேட்டை பக்கத்து ஊட்டுகூரு தான் அந்த உடுப்பூர் என்று கருதுகிறார்கள். முதல் வேட்டையில் தப்பி ஓடிய பன்றி ஒன்றைத் துரத்துகிறார். நாணன், காடன் இருவர் மட்டும் கூட வருகிறார்கள். பன்றி விழுந்ததும் தண்ணீர் வேண்டும். பொன்முகலி ஆறு பக்கத்தில் ஓடுகிறது. எதிரே மலை. அங்கே குடுமித் தேவர் இருக்கிறார், கும்பிடலாம் என்கிறான் நாணன். பன்றியைச் சுட நெருப்பு உண்டாக்கும் வேலையைக் காடனிடம் விட்டுவிட்டு இவர் ஏறுகிறார். தேடிப் போன பயணம் இல்லை இது. மலை ஏற ஏறத் தன்மேல் இருந்த பாரம் ஒன்று இறங்குவதுபோல் இருக்கிறது என்கிறார். அது எதனால் என்று அவருக்கே தெரியவில்லை.

லிங்கத்தைக் கண்டதும் என்ன நடந்தது என்பதைச் சேக்கிழார் நின்று நிதானித்துப் பாடுகிறார். ஓடிப்போய்த் தழுவுகிறார், மோந்து பார்க்கிறார், கண்ணீர் வடிக்கிறார். இது வரைக்கும் எந்த அடியாருக்கும் பொது. அடுத்து அவர் வாயில் வருவதுதான் என்னை இத்தனை காலமாகப் பிடித்து வைத்திருக்கிறது. சிங்கமும் யானையும் திரியும் காட்டில் இவர் துணையில்லாமல் தனியாக இருக்கிறாரே என்று பதறுகிறார். பசித்திருப்பாரே, இறைச்சி கொடுப்பார் யாரும் இல்லையே என்று தவிக்கிறார். உலகத்தைக் காக்கிறவரைப் பார்த்து, இவரைக் காப்பார் இல்லையே என்று ஒரு பிள்ளை கலங்குகிறது.

இங்கே திண்ணனார் தமக்கென்று எதையும் கேட்கவில்லை. கடவுளைக் கண்டேன் என்ற எண்ணமே அவரிடம் இல்லை. அருணந்தியின் பிரிவில் வைத்துச் சொல்வதானால், நான் தயங்காமல் தன்வேதனைக் காட்சியின் பக்கம் போவேன். ஆனால் இங்கே அவருக்குள் நோவது தம் துன்பம் இல்லை, இன்னொருவருடைய பசி. அந்த நோவுதான் தரிசனம் என்பது என் துணிபு. நேரே கண்டவருக்கு அடையாளம், தாம் கண்டவரைப் பற்றிய கவலை தம்மைப் பற்றிய கவலையை முழுக்கத் தள்ளிவிடுவது.

இறைச்சி கொண்டுவரக் கீழே இறங்க வேண்டும்; விட்டுப் போக முடியவில்லை. கொஞ்ச தூரம் போகிறார், திரும்பி வந்து தழுவுகிறார், மறுபடி போகிறார், நின்று பார்க்கிறார். கன்றை விட்டு மேயப் போகும் பசுவின் நடை அது. பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். சுட்ட இறைச்சியை வாயில் அதுக்கிச் சுவை பார்த்து நல்ல துண்டுகளை இலைக்கல்லையில் வைத்தது, வாயில் நீரும் தலைமுடியில் பூவும் கொண்டு ஏறியது, ஏற்கெனவே சாத்தியிருந்த பூவைச் செருப்புக் காலால் விலக்கியது. இவற்றைச் சொல்லும்போது பலர் வேடனின் அறியாமை என்று பரிவோடு சிரிக்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. நீராட்டி, பூச்சூட்டி, உணவு வைத்து ஒருவர் வழிபட்டதைப் பார்த்ததாக நாணன் சொல்கிறான். அவருக்குப் பிடித்தது அதுதானா என்று திண்ணனார் அதையே தம் கையில் இருந்ததைக் கொண்டு செய்கிறார். இரண்டு கையிலும் வில்லும் கல்லையும் இருந்தால் தண்ணீருக்கு வாய்தானே மிச்சம். பொழுது சாய்ந்ததும் வில்லை ஏந்தி விடியவிடியக் கண் இமைக்காமல் காவல் நிற்கிறார்.

இதைச் சுற்றியிருந்தவர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று பாருங்கள். தந்தை நாகன் கேள்விப்பட்டுச் சாமியாடும் தேவராட்டியையும் அழைத்துக்கொண்டு வருகிறார். பிள்ளைக்குத் தெய்வ மயக்கம் பிடித்துவிட்டது என்பது அவர்கள் முடிவு. தீர்க்க முடியாமல் திரும்பிப் போகிறார்கள். பூசை செய்யும் சிவகோசரியாருக்கோ அது அநுசிதம். எலும்பையும் இறைச்சியையும் கண்டு நடுங்கி, சுத்தம் செய்து மறுபடி பூசிக்கிறார். ஐந்து நாள் இப்படியே போகிறது. இருவர் மேலும் எனக்குக் கோபம் வரவில்லை. பிள்ளையைப் பெற்றவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? ஆகமம் கற்றவர் வேறு என்ன செய்வார்? அனுபவம் வெளியிலிருந்து பார்க்கும்போது பைத்தியமாகவோ குற்றமாகவோதான் தெரிகிறது. உள்ளிருந்து அதைக் காட்ட இறைவனே வேண்டியிருந்தது. கனவில் வந்து, நாளை ஒளிந்திருந்து பார் என்கிறார் சிவகோசரியாரிடம். தரிசனம் அந்த ஆறாம் நாள் இருவருக்குக் கிடைத்தது. ஒருவர் முன்னே நின்று பெற்றார், ஒருவர் மறைந்திருந்து பெற்றார்.

சாமியின் கண்ணில் இரத்தம். அம்பெய்தது யார் என்று திண்ணனார் காட்டைத் தேடுகிறார், பச்சிலை பறித்துப் பிழிகிறார், நிற்கவில்லை. ஊனுக்கு ஊன் மருந்து என்று கேட்டது நினைவு வருகிறது. அம்பால் தம் கண்ணை எடுத்து அப்புகிறார். இரத்தம் நின்றதும் கூத்தாடுகிறார். மற்றக் கண்ணில் வடியத் தொடங்கியதும் அதற்கும் மருந்து கைவசம் இருக்கிறது என்ற நிம்மதிதான் அவருக்கு. இடம் தவறாமல் இருக்கக் காலை ஊன்றி அம்பை எடுக்கிறார். நில் என்று மூன்று முறை குரல் எழுகிறது, ஒரு கை வந்து பிடிக்கிறது. கடவுளைக் காண ஏங்கிக் கண்ணைக் காத்துக்கொள்கிறோம் நாம். திண்ணனாருக்குக் கண் ஒரு மருந்து, அவ்வளவே. இனிமேல் அவரைப் பார்க்க முடியாதே என்ற எண்ணம் அந்தக் கணத்தில் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை.

பின்னால் வந்த பெரியவர்கள் இதை முதல் அளவாக வைத்தார்கள். கண்ணப்பனைப் போன்ற அன்பு தம்மிடம் இல்லை என்று மாணிக்கவாசகர் சொல்கிறார். நக்கீரர் பேராலும் கல்லாடர் பேராலும் இரண்டு திருமறங்கள் பதினோராம் திருமுறையில் இருக்கின்றன. ஞானசம்பந்தர் காளத்தி வந்து கண்ணப்பரை வணங்கியதைச் சேக்கிழார் பாடுகிறார். சொல்லால் வணங்கியது இருக்கட்டும், கோயிலின் நடைமுறையைப் பாருங்கள். சிவராத்திரி பிரம்மோற்சவத்தில் முதல் கொடி ஏறுவது கண்ணப்பர் மலையில்; சுவாமிக்குக் கொடி அதன் பிறகுதான். 1516-இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய ராஜகோபுரம் 2010-இல் இடிந்து, புதிதாகக் கட்டி 2017-இல் குடமுழுக்கு ஆயிற்று. இத்தனை நூற்றாண்டில் எத்தனையோ மாறியது. வேடனுக்கு முதல் மரியாதை என்ற அந்த முறை நிற்கிறது.

ஆனால் இது பழங்கதை, இப்போது யார் இப்படி என்று கேட்பீர்கள். வெகுதூரம் போக வேண்டாம். பழைய சித்தூர் மாவட்டத்துத் தரிகொண்டாவில் 1730-இல் பிறந்தவர் வெங்கமாம்பா. சிறு வயதில் கணவனை இழந்தார். கைம்பெண்ணுக்குரியதாக ஊர் விதித்த கோலத்தை ஏற்க மறுத்தார். வேங்கடவனே தம் கணவன் என்றார். ஊர் அதையும் பைத்தியம் என்றது. திருமலை போனார், அங்கும் எதிர்ப்பு வந்து, தும்புரு தீர்த்தக் காட்டில் தவம் இருந்தார் என்பர். தெலுங்கில் நூல் நூலாக எழுதினார். 1817-இல் மறைந்தார். இன்றும் திருமலையில் இரவு ஏகாந்த சேவையில் தாளபாக்கம் அன்னமய்யாவின் தாலாட்டும் வெங்கமாம்பாவின் ஆரத்தியும் உண்டு.

திருமலையில் 2011-இல் திறந்த பெரிய அன்னப்பிரசாதக் கட்டடத்துக்கு அவர் பெயர்தான். ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் அங்கே இலையில் உட்காருகிறார்கள். திருமலைக்குப் போகிறவர்கள் தரிசனத்துக்கு எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று வந்து சொல்வார்கள். அடுத்த முறை நீங்கள் போனால் அந்தக் கூடத்தில் பரிமாறுகிறவர்களையும் கொஞ்சம் நின்று பாருங்கள். யாருக்கு இன்னும் சோறு வரவில்லை என்று வரிசையை அவர்கள் கண்ணால் அளக்கும்போது, காளத்தி மலையில் திண்ணனார் கேட்ட முதல் கேள்வியை அங்கே கேட்பீர்கள் என்றே நினைக்கிறேன்.