பண்டைக் கடலின் சாட்சிகள்



களப்போரத்தில் தென்னமட்டை ஊறவிட்ட குழியைக் கிளறும்போது எழும் நாற்றத்தை நம்மிற் பலர் அறிவர். அழுகிய முட்டையின் நாற்றம் அது. ஐதரசன் சல்பைட்டு என்னும் வாயுவினால் உண்டாவது. ஒட்சிசன் எட்டாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அவ்வாயுவை வெளிவிடுகின்றன. ஒரு பெருங்கடலே இவ்வாறு நாறிக் கிடந்த காலம் உண்டென்றும், இன்று ஒரு கல்லைப் பொடித்து அதனை அறியலாமென்றும் கூறினால் நம்புவீர்களா?

இவ்வாராய்ச்சித் துறைக்குச் சேதனப் புவியிரசாயனம் என்று பெயர். நான் இரசாயனம் பயின்றவனல்லேன். தமிழும் வரலாறும் கற்றவன். ஆயினும், ஏட்டுச்சுவடிகளை ஆராய்வோர் கேட்கும் வினாக்களையே இவ்விஞ்ஞானிகளும் கேட்பதைக் கண்டு இதில் ஈடுபாடு கொண்டேன்.

1934ஆம் ஆண்டில், மூனிச் நகரிலிருந்த அல்பிரெட் திரைப்ஸ் என்னும் யேர்மானிய இரசாயன அறிஞர், மசகெண்ணெயிலும் கரிய களிப்பாறைகளிலும் ஒருவகை வளைய மூலக்கூறுகளைக் கண்டார். அவை இலைகளின் பச்சையத்திலிருந்து வந்தவை. பச்சையத்தின் நடுவே மகனீசியம் என்னும் உலோகம் அமர்ந்திருக்கும். புதையுண்டபின் அது நீங்கிவிட, வனேடியமோ நிக்கலோ அவ்விடத்திற் புகுந்துகொள்கின்றது. வளையமோ சிதையாது நிற்கின்றது. இறந்த விலங்கின் தசை அழிந்தும் எலும்பு எஞ்சுவது போன்றதே இது. எலும்போ ஓடோ இல்லாத நுண்ணுயிர்களும் இவ்வாறு தம் காபன் எலும்புக்கூட்டைக் கடற்சேற்றில் விட்டுச் செல்கின்றன. அச்சேறு இறுகி அடையற்பாறையாகும்போது அவையும் உள்ளே தங்குகின்றன.

அந்த நாறிய கடலுக்கு வருவோம். பச்சைக் கந்தகப் பற்றீரியா என்றோர் உயிரினம் உண்டு. அதற்கு ஒளியும் வேண்டும். ஐதரசன் சல்பைட்டும் வேண்டும். ஒட்சிசனோ ஆகாது. கடலில் ஒளி மேலேயிருந்து வருவது. அவ்வாயு அடியிலே தோன்றுவது. ஆகவே, வாயு மேலேறி ஒளியைச் சந்திக்கும் இடத்தில் மாத்திரமே அதற்கு வாழ்வு. இன்று கருங்கடலில், ஏறக்குறைய நூறு மீற்றர் ஆழத்தில், மங்கிய ஒளியில் அது வாழ்கின்றது. அதன் இனங்கள் சில ஐசோரெனியரற்றீன் என்னும் நிறப்பொருளை ஆக்குகின்றன. பெயர் வாயில் நுழையாது, பொறுத்தருள்க. இந்நிறப்பொருளின் எச்சம் பழைய கடற்பாறை ஒன்றிற் கிடைக்குமாயின், அக்கடலில் ஒளி எட்டிய நீர்வரை நச்சுவாயு ஏறியிருந்தது என்று கொள்ளலாம். மேலும், இப்பற்றீரியா காபனைச் சேர்க்கும் வழி தனிப்பட்டது. அதனால் அதன் மூலக்கூறுகளிற் பாரமான காபன் சற்று மிகுந்திருக்கும். அவ்வடையாளமும் சேர்ந்து காணப்படின் ஐயம் பெரிதும் நீங்கும்.

25 கோடியே 20 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர், கடல்வாழ் இனங்களுள் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவை அழிந்தன. அக்காலத்துப் பாறைகளை மேற்கு அவுஸ்திரேலியாவின் பேர்த் வடிநிலத்திலும் தென்சீனாவின் மெய்சானிலும் எடுத்து, கிளிற்றி கிறைஸ் என்னும் பெண் விஞ்ஞானியும் அவர் குழுவினரும் ஆராய்ந்தனர். ஈரிடத்தும் அந்நிறப்பொருளின் எச்சங்கள் இருந்தன. 2005ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டனர். அவ்வாயுவே உயிர்களைக் கொன்றது என்று இதனை மாத்திரம் கொண்டு தீர்த்துவிடல் கூடாது. சைபீரியாவின் எரிமலைப் பெருக்கும் அதனால் விளைந்த வெப்பமும் அவ்வழக்கில் முன்னிற்பவை.

சுவடி ஆராய்வோர் அஞ்சுவது இடைச்செருகலுக்கு. இத்துறையிலும் அவ்வச்சம் உண்டு. 1999ஆம் ஆண்டில் யோகன் புறொக்ஸ் என்பவரும் பிறரும், மேற்கு அவுஸ்திரேலியாவின் பில்பராப் பகுதியில் 270 கோடி ஆண்டுப் பழைமையான பாறையில் ஸ்ரெரேன் என்னும் மூலக்கூறுகளைக் கண்டதாக அறிவித்தனர். கொலஸ்திரோல் முதலியவற்றின் எச்சமே ஸ்ரெரேன். அவ்வாறாயின், கருவுடைய கலங்களைக் கொண்ட உயிர்கள், புதைபடிவங்கள் காட்டும் காலத்துக்கு 50 முதல் 100 கோடி ஆண்டு முன்னரே தோன்றியிருத்தல் வேண்டும். நம் உடலும் அத்தகைய கலங்களால் ஆனதே. நம் வமிசாவளியின் தொடக்கமே இச்சான்றில் தங்கியிருந்தது என்க.

ஆனால் 2008இல், பாறையோடு ஒட்டிக் கரையாது கிடந்த காபனும் இம்மூலக்கூறுகளும் ஒரே காலத்தவையல்ல என்று ஓர் ஆய்வு வெளிவந்தது. அதனை எழுதியவர்களுள் புறொக்ஸும் ஒருவர். தம் கண்டுபிடிப்பைத் தாமே குறுக்கு விசாரணை செய்த அம்மனிதரை நான் மிகவும் மதிக்கின்றேன். பின்னர் அவர் கற்களை மில்லிமீற்றர் அளவிற் சீவி, புறத்தே எவ்வளவு, அகத்தே எவ்வளவு என்று அளந்தார். வெளியிலிருந்து ஊறிய எண்ணெய் புறத்தே மிகுந்திருக்குமன்றோ!

2012இல் அதே பகுதியில், எண்ணெய் மாசு சேராத வகையிற் புதிதாகத் துளையிட்டனர். வெவ்வேறு ஆய்வுகூடங்கள் தனித்தனியே சோதித்தன. 2015இல் வெளியான முடிவு: அப்பாறைக்கு உரிய ஸ்ரெரேன் ஒன்றுமில்லை. முன்னர்க் கண்டவை பிற்காலத்து மாசுகள்.

கருவுடைய கலங்கள் 270 கோடி ஆண்டுக்கு முன் இருக்கவில்லை என்று இதனாற் பெறப்படாது. ஒரு சாட்சி விலக்கப்பட்டது, அவ்வளவே. 2023ஆம் ஆண்டில் புறொக்ஸும் பிறரும் வட அவுஸ்திரேலியாவின் பார்னி கிறீக் பாறைகளில் வேறொன்றைக் கண்டனர். அப்பாறைகளின் வயது 164 கோடி ஆண்டு. அவற்றிலிருந்தவை கொலஸ்திரோல் உருவாகும் வழியின் முற்படிகளாகிய மூலக்கூறுகளின் எச்சங்கள். பண்டை உயிர்கள் அப்படிகளோடே நின்றிருக்கலாம் என்று, 1964இல் நொபெல் பரிசு பெற்ற கொன்றாட் புளொக் முன்னரே ஊகித்திருந்தார்.