மின்சிகரெட்டுத் தடையும் நமது ஊராட்சிகளும்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



குடிநீர், சாலை, தெருவிளக்கு என்று பேசிப் பழகிய இம்மேடையில் மின்சிகரெட்டைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். அது பட்டணத்துப் பொருள், நம் ஊரில் பீடியும் சுருட்டுமே உண்டு என்பாரும் உளர். ஆனால் பார்சல் வண்டி வராத கிராமம் இன்று அரிது. வருகிற பொட்டலத்தினுள் என்ன இருக்கிறதென்று பெற்றோர் கேட்பதும் அரிது.

பேனாவைப் போலத் தோன்றும் இக்கருவியினுள் ஒரு மின்கலம், ஒரு கம்பிச்சுருள், சிறிது திரவம் ஆகியவை உள்ளன. உறிஞ்சும்போது கம்பிச்சுருள் சூடேறித் திரவம் ஆவியாகிறது. நெருப்பு இல்லை, சாம்பலும் இல்லை. திரவத்தில் பழமணமோ புதினா மணமோ சேர்ந்திருக்கும். பெரும்பாலும் நிகோட்டினும் கலந்திருக்கும். நிகோட்டின் உழவர்க்குப் புதியதன்று. புகையிலையை ஊறவைத்து வடித்த கரைசலை அசுவினிக்குத் தெளித்த பெரியவர்கள் இந்த அவையிலேயே இருக்கலாம். அன்று பூச்சியைக் கொன்றது அந்த நிகோட்டினே.

இன்று விற்கப்படும் வகைக் கருவியைச் சீன நாட்டு மருந்தாளுநர் ஹோன் லிக் 2003இல் உருவாக்கினார். புகைப்பழக்கத்தை விட முடியாதவர்க்கு ஒரு மாற்று வேண்டும் என்பதே அவர் நோக்கம். இதை ஆதரிப்போர் கூறும் நியாயமும் அதுவே. புகையிலை எரிவதால்தான் தாரும் கார்பன் மோனாக்சைடும் உண்டாகின்றன. எரியாதபோது தீங்கு குறையும் என்பர். இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, சிகரெட்டைவிட இதில் ஏறத்தாழ 95 சதவிகிதம் தீங்கு குறைவு என்று 2015இல் மதிப்பிட்டது. அதே பிரிட்டனில், ஒருமுறை பயன்படுத்தி எறியும் வகையின் விற்பனை 2025 ஜூன் 1 முதல் தடை செய்யப்பட்டது. சிறுவர்கள் அதை நாடியதும், குப்பை பெருகியதுமே காரணங்கள்.

அமெரிக்காவில் 2019இல் தோன்றிய நுரையீரல் நோயைப் பற்றியும் ஒரு சொல். 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் அதற்கு இலக்காயினர். அவருள் 68 பேர் மாண்டனர். இப்பழியை எல்லா மின்சிகரெட்டின் மேலும் சுமத்துவது நேர்மையன்று. கஞ்சாச் சத்துக் கலந்த திரவங்களில் சேர்த்த வைட்டமின் ஈ அசிடேட்டே முக்கியக் காரணமென ஆய்வாளர் கண்டனர். எனினும், உறிஞ்சுகிறவனுக்குத் தன் குழாயினுள் இருப்பது இன்னதென்று தெரியாமற்போனதை நாம் மறக்கலாகாது.

நமது மாநிலம் 2018இலேயே தடை விதித்தது. மத்திய அரசு 2019 செப்டம்பரில் அவசரச் சட்டமும், டிசம்பரில் முழுச் சட்டமும் கொண்டுவந்தது. தயாரித்தல், இறக்குமதி, கடத்திச் செல்லுதல், விற்பனை, விளம்பரம் ஆகிய யாவும் குற்றம்; இணையவழி விற்பனையும் அடங்கும். முதற் குற்றத்திற்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை செய்தால் 3 ஆண்டு வரை சிறையும், 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. சரக்கைச் சேமித்து வைப்பதற்குத் தனித் தண்டனை இருக்கிறது. ஆனால் உறிஞ்சுகிறவனுக்கு இச்சட்டம் தண்டனை விதிக்கவில்லை. இதை உறுப்பினர்கள் நன்கு மனத்திற் கொள்ள வேண்டும்.

பெட்டிக்கடையில் பீடியும் சிகரெட்டும் தாராளமாக விற்கையில் இதற்கு மட்டும் தடை ஏன்? இக்கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. 2016-17ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், நாட்டின் வயதுவந்தோரில் 28.6 சதவிகிதத்தினர் புகையிலைப் பழக்கமுடையோராகக் காணப்பட்டனர். புகையிலை பயிரிடும் உழவர், பீடி சுற்றும் பெண்கள் எனப் பலரின் பிழைப்பும் அதில் பின்னிக் கிடக்கிறது. அதை ஒரு நாளில் அகற்ற இயலாது. இன்னும் வேர்விடாததை வரப்பிலேயே தடுக்கலாம். விறகுக்கென்று சீமைக் கருவேலத்தை வரவேற்ற நாம், இன்று இயந்திரம் வைத்துப் பிடுங்கிக்கொண்டிருக்கிறோம் அல்லவா? ஆதலின் தடை சரியே என்பது நம் கருத்து.

ஆனால் கேள்வி அத்துடன் தீரவில்லை. 18 வயது நிரம்பாதவர்க்குப் புகையிலைப் பொருள் விற்கலாகாது, கல்வி நிலையத்தின் சுற்றுச்சுவரிலிருந்து 100 கஜத்திற்குள் எவருக்கும் விற்கலாகாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. மீறினால் அபராதம் 200 ரூபாய் வரைதான். அங்கே லட்சம், இங்கே 200! இந்த ஏற்றத்தாழ்வு நமக்கும் உறுத்தலாகவே உள்ளது. பள்ளி வாயிலில் சிகரெட்டு விற்கும் கடையைக் கண்டும் காணாமல் இருந்துவிட்டு, மின்சிகரெட்டை எதிர்த்துத் தீர்மானம் போடுவது ஊராட்சிக்கு அழகாகாது.

ஒரு மாணவனிடம் இக்கருவி அகப்பட்டால் அவனை அடிக்கவும் வேண்டாம், ஊரார் முன் நிறுத்தவும் வேண்டாம். யாரிடம் வாங்கினான் என்று பரிவுடன் கேட்டறிந்து, விற்றவனைப் பற்றிக் காவல் நிலையத்தில் தெரிவியுங்கள். சோதனையிடும் அதிகாரம் சப்-இன்ஸ்பெக்டருக்கும் அவருக்கு மேற்பட்டோருக்கும் உரியது. உறுப்பினர் எவரும் கடைக்குள் புகுந்து தேடலாகாது. பழக்கத்தை விட விரும்புவோர்க்கு 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் உண்டு. தூய்மைக் காவலர்களிடமும் ஒன்று சொல்லி வையுங்கள்: இக்கருவியின் லித்தியம் மின்கலம் நசுங்கினாலோ சூடேறினாலோ தீப்பற்றும். குப்பையோடு கொளுத்தக் கூடாது. வைக்கோற்போர் அருகே எறியவும் கூடாது.

அடுத்த கிராம சபைக்கு முன் ஒவ்வோர் ஊராட்சியும் தன் பள்ளிச் சுவரிலிருந்து 100 கஜம், அதாவது ஏறத்தாழ 91 மீட்டர், அளந்து, அதற்குள் அமைந்த கடைகளின் பட்டியலைச் சபையில் வைக்கக் கோருகிறோம். அளவு நாடா இல்லாதோர் ஒன்றியப் பொறியாளரிடம் பெற்றுக்கொள்ளலாம்.