நடுவில் உட்கார்ந்திருப்பவர் யார்?

(குடியரசு தினத்தன்று கொடியேற்றத்துக்குப் பின் நம் சமுதாயக் கூடத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கொடி ஏற்றியாயிற்று, மிட்டாயும் வாங்கியாயிற்று. காலை டிபன் வருவதற்குள் பேசி முடிக்க வேண்டும் என்று செயலாளர் சொல்லிவிட்டார். முப்பத்தைந்து வருஷம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன் நான். பட்டாளத்தைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், எங்கள் வீட்டுச் சுவரில் இருந்த ஒரு போட்டோதான். அதில் நான் செய்த தப்பைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

போட்டோவில் மூன்று பேர். ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், இரண்டு பேர் பின்னால் நிற்கிறார்கள். மூவரும் இராணுவ உடையில். அதில் ஒருவர் என் பெரியப்பா. 1942-ல் ஆத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பட்டாளத்தில் சேர்ந்தவர், பர்மாவிலிருந்து திரும்பவில்லை. அப்பா இருந்தவரை அந்தப் படம் டிரங்குப் பெட்டியில்தான் கிடந்தது. அவர் காலமான பிறகு அம்மா எடுத்துக் கண்ணாடிச் சட்டம் போட்டார். அம்மா தன் மூத்தாரை நேரில் பார்த்ததே இல்லை. நடுவில் உட்கார்ந்திருப்பவரின் மீசை அப்பா மீசை மாதிரி இருந்தது. அவ்வளவுதான், அவர்தான் பெரியப்பா என்று முடிவாகிவிட்டது. ஒவ்வொரு பொங்கலுக்கும் அவருக்குச் சந்தனம், குங்குமம், மாலை. நாற்பது வருஷம்.

ரிட்டயர் ஆனதும் குடும்ப ஆல்பம் போடலாம் என்று உட்கார்ந்தேன். நடுவில் இருப்பவரை மட்டும் தனியாக வெட்டிப் பெரிதாக்கி, கீழே பெரியப்பா பெயரைப் போட்டு, சொந்தக்காரர்கள் வாட்ஸப் குழுவில் அனுப்பினேன். நாற்பது பேரும் கும்பிடு போட்டார்கள். பேரன் முறையில் ஒரு பையன் மட்டும், "தாத்தா, அவர் எந்த ரெஜிமெண்ட்?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. அப்போதுதான் தேட ஆரம்பித்தேன்.

முதல் வேலையாகப் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றினேன். பின்பக்கத்தில் பெங்களூர் ஸ்டூடியோ ஒன்றின் முத்திரை இருந்தது. ஸ்டூடியோ முத்திரை, படம் எடுத்த ஊரைத்தான் சொல்லும், ஆளின் ஊரைச் சொல்லாது. பெரும்பாலும் அது பயிற்சி முகாம் இருந்த ஊராக இருக்கும். பெங்களூர் என்றதும் மதராஸ் சாப்பர்ஸ் ஞாபகம் வர வேண்டும். பாலம் கட்டுவது, சாலை போடுவது, கண்ணிவெடி அகற்றுவது இவர்கள் வேலை. 1780-ல் தொடங்கிய படை, மையம் பெங்களூரில். பட்டாளத்தில் இவர்களுக்குச் செல்லப் பெயரே 'தம்பி'தான்.

அடுத்து, இறந்தவர்களின் ஏடு. இரண்டாம் உலகப் போரில் இந்திய இராணுவத்தில் சுமார் 25 லட்சம் பேர் இருந்தார்கள். 87,000-க்கும் மேற்பட்டவர்கள் உயிர் இழந்தார்கள். அவர்கள் பெயர்கள் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கின்றன, காசில்லாமல் தேடலாம். ஒன்று மட்டும் கவனம். பெயரை அன்றைய குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். நான் ஆறேழு விதமான ஸ்பெல்லிங் போட்டுத் தேடின பிறகுதான் கிடைத்தது. தந்தை பெயர், கிராமம், மாவட்டம் எல்லாம் பொருந்தின. ரங்கூன் அருகே டவுக்கியானில் உள்ள நினைவு மண்டபத் தூண்களில், கல்லறை தெரியாத சுமார் 27,000 பேரின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. அதில் பெரியப்பா ஒருவர். எனக்குக் கண் கலங்கியது. அதற்குப் பிறகுதான் பதவி என்ற கட்டத்தைப் பார்த்தேன். 'சாப்பர்' என்று இருந்தது. அதாவது சாதாரணச் சிப்பாய்.

படத்தைப் பார்த்தேன். நடுவில் இருப்பவர் கையில் மூன்று பட்டை. ஒரு பட்டை லான்ஸ் நாயக், இரண்டு நாயக், மூன்று ஹவில்தார். ஏட்டில் இருப்பது கடைசிப் பதவி. சாகும்போது சிப்பாயாக இருந்தவர் அதற்கு முன்பே ஹவில்தாராக எப்படி உட்கார்ந்திருப்பார்? நின்றிருந்த இருவர் கையிலும் பட்டை இல்லை. நாற்காலி பதவியில் பெரியவருக்குப் போடப்பட்டது. நாங்கள் அதைக் குடும்பத்தில் பெரியவருக்குப் போட்டதாக எடுத்துக்கொண்டோம்.

சரி, நிற்கிற இருவரில் பெரியப்பா யார்? ஏட்டில் அதற்குப் பதில் கிடையாது. அப்போதுதான் அத்தை நினைவுக்கு வந்தார். அப்பாவின் தங்கை, அப்போது வயது 88. கட்டிக்கொடுத்து வேறு ஊர் போனவர் என்பதால், இந்த விஷயத்தில் அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. படத்தை எடுத்துக்கொண்டு போனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. "இதோ நிக்குறான் பாரு எங்கண்ணன். இடது காது கிழிஞ்சிருக்கும். கடுக்கன் போட்டிருந்தப்போ கன்னுக்குட்டி இழுத்துடுச்சு" என்றார்.

"அத்தை, வருஷா வருஷம் நடுவுல இருக்கிறவருக்குத்தானே பொட்டு வெச்சோம், நீங்க பார்த்திருக்கீங்களே?"

"படத்துக்கு நடுவுலதானே கண்ணு பொட்டு வெப்பாங்க, அப்படின்னு நெனச்சேன். என்னை யாரு கேட்டீங்க?"

எனக்கு நாக்கு எழவில்லை.

வங்கிக்காரன் புத்தி, ஒரு கையெழுத்தை நம்பிப் பணம் கொடுக்க மாட்டோம். வீட்டுக்கு வந்து பெரிதாக ஸ்கேன் செய்து பார்த்தேன். அத்தை காட்டியவரின் ஒரு காது மடல் பிளந்திருந்தது. ஆனால் அது இடது காதுதானா? நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சிட்டிருந்தால் இடம் வலமாகிவிடும். அதற்குச் சட்டையைப் பார்க்க வேண்டும். ஆண்கள் சட்டையில் பொத்தான், அணிபவரின் வலப்பக்கம் தைத்திருக்கும். படத்தில் அப்படியே இருந்தது. படம் நேர்தான், காது இடதுதான். அன்றைக்குத்தான் வாட்ஸப் குழுவில் திருத்தம் போட்டேன். முதலில் கும்பிட்ட நாற்பது பேரில் ஆறு பேர்தான் பார்த்தார்கள். தப்பு ஓடுகிற வேகத்துக்குத் திருத்தம் ஓடாது.

உங்கள் வீட்டிலும் இப்படிப் படம் இருக்கலாம். நான் கற்றுக்கொண்ட சிலவற்றைச் சொல்கிறேன்.

தொப்பியிலும் தோளிலும் உள்ள சின்னத்தைப் பாருங்கள். கிரீடம் இருந்தால் பிரிட்டிஷ் ராஜா காலம். 1950 ஜனவரி 26-க்குப் பிறகுதான் அந்த இடத்தில் அசோகச் சிங்கங்கள் வந்தன. நாம் இன்று கொடியேற்றிய இந்தத் தேதிதான் போட்டோவுக்கும் எல்லைக்கோடு. யானை இருந்தால் மெட்ராஸ் ரெஜிமெண்டாக இருக்கலாம். அது 1803 அசாயே போருக்காகக் கிடைத்த யானை.

பதக்கம் இடது மார்பில் இருந்தால் அவருடையது. வலது மார்பில் இருந்தால் ஒன்று படம் திரும்பியிருக்கிறது, அல்லது இறந்துபோன உறவினரின் பதக்கத்தை நினைவாக அணிந்திருக்கிறார். ரிப்பன் நிறத்தை வைத்து அவசரப்பட வேண்டாம். அந்தக் காலத்துப் பிலிம்களில் பல, சிவப்பை உணராதவை. சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளுத்து விழும். முதல் உலகப் போர்ப் பதக்கம் கையில் இருந்தால் விளிம்பைத் தடவிப் பாருங்கள், எண்ணும் பெயரும் படைப்பிரிவும் பொறித்திருக்கும். பளபளப்பாக்குகிறேன் என்று பிரஸ்ஸோ போட்டுத் தேய்த்தால் அந்த எழுத்து போய்விடும்.

காக்கி எல்லாம் பட்டாளம் ஆகாது. போலீஸ், ரயில்வே, வனத்துறைக்காரர்களும் காக்கியில் படம் எடுத்துக்கொண்டார்கள். மலேயா, சிங்கப்பூர் போன குடும்பமானால் நேதாஜியின் படையாகவும் இருக்கலாம். பெண்மணி சீருடையில் இருந்தால், 1943-ல் சிங்கப்பூரில் தொடங்கிய ஜான்சி ராணிப் படையையும் யோசியுங்கள்.

படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், அப்படியே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஈரத்துணியால் துடைக்காதீர்கள். பெயர் எழுதுவதானால் பின்பக்கம் ஓரத்தில் மெல்லிய பென்சிலால் எழுதுங்கள். "அத்தை சொன்னார்" என்று, சொன்னவர் யார் என்பதையும் எழுதுங்கள். நாளைக்குப் பார்ப்பவர்கள் எடைபோட அது வேண்டும்.

வங்கியில் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று ஒன்று உண்டு. பணம் வந்திருக்கும், யாருடையது என்று தெரியாது. பெயர் கிட்டத்தட்டப் பொருந்துகிறதே என்று யார் கணக்கிலும் வரவு வைக்க மாட்டோம். ஆதாரம் வரும்வரை தனியாக நிற்கும். தெரியாத முகத்தையும் அப்படியே நிறுத்திவையுங்கள். எங்கள் படத்தில் அந்த ஹவில்தாரும் இன்னொரு சிப்பாயும் இன்னும் சஸ்பென்ஸில்தான் இருக்கிறார்கள்.

நாற்பது வருஷம் பொட்டு வைத்த ஹவில்தாரை இனி என்ன செய்வது என்று அத்தையிடமே கேட்டேன். "அவரும் ஒரு ஆத்தா பெத்த பிள்ளைதானே. அவுங்க வீட்ல யாராச்சும் வெக்கிறாங்களோ என்னமோ, நிறுத்தாதே" என்றார். இப்போது எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் பொட்டு.

அத்தை போன ஆவணியில் காலமானார். நான் இரண்டு வருஷம் தாமதித்துப் போயிருந்தால், காது கிழிந்த கதை அவரோடு போயிருக்கும். படம் எங்கேயும் போகாது, அலமாரியில்தான் இருக்கும். முதலில் ஊருக்கு ஒரு போன் போடுங்கள். வீட்டில் யாரும் எதுவும் கேட்டிராத ஒரு அத்தையோ சின்னம்மாவோ இருப்பார். அவரிடம் கேளுங்கள்.

படங்களைக் கொண்டுவர விரும்புபவர்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னை நூலக அறையில் பார்க்கலாம். பூதக்கண்ணாடி என்னிடம் இருக்கிறது.