சுரங்கமும் சிறார் பாசறையும்

(கோடை விடுமுறைக்கு முன் நடந்த பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

பங்குனி பிறந்துவிட்டால் பெற்றோர் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. “ஐயா, பிள்ளையைக் கோடைப் பாசறைக்கு அனுப்பலாமா?” என்பதே அது. ‘அனுப்புங்கள்’ என்றோ ‘வேண்டா’ என்றோ ஒரு சொல்லில் விடைகூற என் உள்ளம் ஒப்புவதில்லை. அக்கேள்விக்குரிய விடையைப் பிரித்தானியத் தீவின் வரலாற்றினின்று, சிறப்பாக வேல்சு நாட்டினின்று, எடுத்துக்காட்ட விழைகின்றேன். நிலக்கரிச் சுரங்கங்களால் பேர்பெற்ற அந்நாடு, தன் மொழியைச் சிறார் பாசறைகளின் வழியே பேணிய நாடுமாகும்.

முதற்கண் பாசறையின் நன்மையைப் பார்ப்போம். ஆங்கிலத்தின் அழுத்தத்தால் வேல்சு மொழி பள்ளியிலும் கடைத்தெருவிலும் தேய்ந்து வந்த காலம். 1922-இல் இவான் அப் ஓவன் எட்வர்ட்சு என்பார் ‘ஊர்த்’ என்னும் சிறார் அமைப்பைத் தோற்றுவித்தார். 1928-இல் அதன் முதற் பாசறை நடந்தது. பின்னர் 1932-இல் இலங்கிரானாக் என்னும் கடற்கரையூரிலும், 1950-இல் கிளான்லின் என்னும் ஏரிக்கரையிலும் பாசறைகள் அமைந்தன. அங்கே பிள்ளைகள் நீந்தினர்; மலையேறினர்; ஓடம் செலுத்தினர். அனைத்தையும் தம் தாய்மொழியிலேயே செய்தனர். பாடநூலுக்குள் அடைந்து கிடந்த மொழி, ஆட்டத்திலும் பாட்டிலும் அவர்தம் நாவில் ஏறியது. 1939-இல் அதே எட்வர்ட்சு, அபரிசுத்வித்து நகரில் ஏழே பிள்ளைகளோடு வேல்சு வழித் தொடக்கப்பள்ளி ஒன்றைத் திறந்தார். ‘ஏழு பேர்தாமா?’ என எவரும் எள்ள வேண்டா. பின்னர்ப் பெருகிய வேல்சு வழிப் பள்ளிகளுக்கு அதுவே முன்னோடி.

இனிக் குறைகளைக் காண்போம். பணமுள்ளோர் பிள்ளைகளே சென்றுவரும் இடமாகப் பாசறை ஆகிவிடலாம். அகவை முதிராச் சிறுவன் இரவெல்லாம் வீட்டை எண்ணி ஏங்கலாம். பாட்டன் பாட்டியோடு இருந்து கற்பனவற்றை இழக்கலாம். பாசறை என்னும் பெயரில் மணியடிக்கும் இன்னொரு பள்ளியே நடக்கலாம். இவையெல்லாம் திருத்தக்கூடிய குறைகள். திருத்தவொண்ணாத குறை ஒன்றேயொன்று: போன பிள்ளை திரும்பி வாராமை.

1993 மார்ச்சு 22. இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள இலைம் குடாக்கடல். அங்கிருந்த வெளிப்பயிற்சி நிலையம் ஒன்று, பள்ளி மாணவர் எண்மரையும் ஆசிரியர் ஒருவரையும் பயிற்றுநர் இருவரோடு சிற்றோடங்களில் கடலுக்குள் விட்டது. காற்று அவர்களைக் கரையினின்று அப்பால் தள்ளியது. ஓடங்கள் கவிழ்ந்தன. மீட்பர் வந்து சேர்வதற்குள் பல மணி நேரம் கழிந்துவிட்டது. மாணவர் நால்வர் மாண்டனர்.

இதனை இயற்கையின் சீற்றம் எனக் கூறி அமையலாமா? ஆகாது. அந்நிலையத்தின் காப்புக் குறைகளைக் கண்டு பணியினின்று விலகிய பயிற்றுநர் இருவர், 1992-லேயே நிலையத் தலைவர்க்கு எச்சரிக்கை மடல் எழுதியிருந்தனர். மடல் போயிற்று, மாற்றம் வரவில்லை. 1994-இல் அந்நிறுவனமும் அதன் மேலாண் இயக்குநரும் உயிரிழப்புக்குப் பொறுப்பான குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. 1995-இல், இத்தகு வெளிப்பயிற்சி நிலையங்களுக்கு உரிமம் வேண்டும் என்னும் சட்டம் பிறந்தது.

பெற்றோரீர்! சாவுக்குப் பின்னரே சட்டம் வருகின்ற இவ்வரலாறு புதிதன்று. சுரங்கத்தில் இது நெடுங்காலமாக நடந்து வந்ததே. அதனாலன்றோ பாசறையைப் பற்றிப் பேச வந்தவன் சுரங்கத்தைப் பற்றியும் பேசுகின்றேன்!

1913 அக்தோபர் 14-இல் வேல்சின் செங்கெனித் சுரங்கத்தில் எரிவளி வெடித்தது. தொழிலாளர் 439 பேரும், மீட்கச் சென்றவர் ஒருவரும் இறந்தனர். இறந்தோருள் 14 அகவைச் சிறுவரும் இருந்தனர். காற்றோட்டத்தை எதிர்ப்புறம் திருப்பவல்ல விசிறி வேண்டும் என 1911-ஆம் ஆண்டுச் சட்டம் கூறியிருந்தது. அச்சுரங்கத்தில் அவ்வேற்பாடு செய்யப்பெறவில்லை. முடிவில் மேலாளர்க்கு 24 பவுனும் நிறுவனத்துக்கு 10 பவுனும் தண்டம் விதித்தனர். 440 உயிர்க்கு 34 பவுன்!

1947-இல் சுரங்கங்கள் முதலாளிகளின் கையினின்று நீங்கி, அரசின் நிலக்கரி வாரியத்தின்கீழ் வந்தன. உடையவர் மாறினர், கேளாச் செவி மாறவில்லை. ஏபர்வான் என்னும் சுரங்கச் சிற்றூரில், பள்ளிக்கு மேலேயுள்ள மலைச்சரிவில் வாரியம் சுரங்கக் கழிவைக் கொட்டி வந்தது. 1958-இல் தொடங்கிய ஏழாம் கழிவுமேடு நீரூற்றின்மேல் எழுந்தது. பள்ளிக்குப் பின்புறம் கொட்டப்பெறும் கரிச்சேற்றால் இடர் நேரும் என நகராட்சிப் பொறியாளர் 1963-லேயே எழுதினார். மேடு வளர்ந்துகொண்டே போயிற்று.

1966 அக்தோபர் 21, வெள்ளிக்கிழமை. நண்பகலோடு பள்ளிக்கு இடைவிடுமுறை தொடங்கவிருந்தது. காலை 9.15 மணியளவில் அம்மேடு சரிந்து பள்ளிமீது பாய்ந்தது. குழந்தைகள் 116 பேரும் பெரியோர் 28 பேரும் மாண்டனர். தந்தையர் பலர் சுரங்கத்தினின்று மேலேறி வந்து தம் பிள்ளைகளைத் தோண்டித் தேடினர். சுரங்கத்துக்குள் இறங்கியவர் மீண்டார். பள்ளிக்குச் சென்ற பிள்ளை மீளவில்லை.

உசாவல் மன்றம் 76 நாள் கேட்டாய்ந்து, 1967-இல் குற்றம் வாரியத்தினதே எனத் தெளிவுறக் கூறியது. ஆயினும் ஒருவர்மீதும் குற்றவழக்குத் தொடுக்கப்பெறவில்லை. அதனினும் கொடுமை, எஞ்சிய கழிவுமேடுகளை அகற்ற, ஊரார்க்கென உலகத்தார் ஈந்த துயர்துடைப்புத் தொகையினின்றே 1,50,000 பவுனை எடுத்துக்கொண்டனர். அத்தொகை வட்டியின்றி 1997-இல்தான் திரும்பி வந்தது. கழிவுமேடுகளின் காப்புக்கான சட்டமோ 1969-இல் வந்தது. அதுவரை சட்டத்தின் பார்வை நிலத்தின் அடியிலேயே இருந்தது. மலைமேல் குவிந்ததை அது பார்க்கவில்லை.

இவை உணர்த்துவது யாது? கடலும் மலையும் நிலத்தடி வளியும் என்றும் இடர் உடையனவே. அவற்றை அறிந்து நடப்பவன் பிழைப்பான். அறிந்தவன் கூறியதைப் பொறுப்பிலுள்ளவன் புறந்தள்ளும்போதுதான் ஊர் அழிகிறது.

ஆதலால் பெற்றோரீர், பாசறைக்கு அனுப்புங்கள், கேட்டபின் அனுப்புங்கள். நீரில் இறக்குவோர் யார்? அவர் பெற்ற பயிற்சி யாது? ஒருவர் பொறுப்பில் எத்தனை பிள்ளைகள்? காற்றும் மழையும் மிகுந்தால் நிகழ்ச்சியை நிறுத்தும் துணிவு எவர்க்கு உண்டு? பிள்ளை தன் அச்சத்தை வீட்டுக்குத் தடையின்றிச் சொல்ல வழியுண்டா? சென்ற ஆண்டு பணியினின்று விலகியவர் ஏன் விலகினார்? இவற்றைக் கேட்டதற்குச் சினப்பவரிடம் பிள்ளையை ஒப்படையாதீர்.

பாசறை நடத்த முன்வரும் இளைஞரே! தமிழில் பாடவும் ஆடவும் பிள்ளைகளைக் கூட்டுவது நற்பணி, அதனை வாழ்த்துகின்றேன். ஆனால் நோக்கம் தூயது என்பதால் ஓடம் கவிழாது என நம்பிவிடாதீர். குறை சுட்டுவோனைப் பகைவனாகக் கருதாதீர். அவன் எழுதும் மடலை அன்றே பிரித்துப் படியுங்கள். அன்றே ஆவன செய்யுங்கள். மொழியைப் பேசப் பிள்ளைகள் இருந்தாலன்றோ மொழி இருக்கும்!