கஞ்சாவுக்கும் கடை திறக்கலாமா? ஓட்டுக் கேட்டு வருவோரிடம் கேளுங்கள்!

(திண்டுக்கல்லில் நடைபெற்ற தெருமுனைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தேர்தல் வந்துவிட்டால் வேட்பாளர்கள் பள்ளிவாசல் வாசலுக்கு வருகிறார்கள். தொப்பி அணிந்து கொள்கிறார்கள். ரமளானாக இருந்தால் நோன்புக் கஞ்சியும் குடிக்கிறார்கள். நாமும் மனு கொடுக்கிறோம். கபரஸ்தானுக்குச் சுற்றுச்சுவர் கேட்கிறோம், தெருவுக்குச் சாக்கடை கேட்கிறோம், இடஒதுக்கீட்டை உயர்த்தச் சொல்கிறோம். எல்லாம் கேட்க வேண்டியவைதான். ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகளைத் தின்று கொண்டிருக்கும் போதையைப் பற்றி அந்த மனுவில் ஒரு வரியாவது எழுதியிருக்கிறோமா? யோசித்துப் பாருங்கள்.

இன்று உலகின் பல நாடுகளில் கஞ்சா ஒரு தேர்தல் பிரச்சினை. 1996இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மருந்துக்காகக் கஞ்சாவை அனுமதிக்கலாமா என்று வாக்குச்சீட்டிலேயே கேட்டார்கள், மக்கள் சம்மதித்தார்கள். 2012இல் கொலராடோ, வாஷிங்டன் மாநிலங்களில் மருந்து என்ற பெயர்கூட இல்லாமல் அனுமதித்தார்கள். 2018இல் கனடா, 2024இல் ஜெர்மனி. அதே 2024இல் புளோரிடா மாநிலத்தில் பாதிக்கு மேற்பட்டோர் ஆதரித்தும், தேவையான 60 சதவீதம் கிடைக்காமல் தோற்றது.

இது அமெரிக்கக் கதை, திண்டுக்கல்லுக்கு என்ன வந்தது என்று நினைக்காதீர்கள். பஞ்சாபின் பாட்டியாலா தொகுதியில் 2014இலும் 2024இலும் வென்ற டாக்டர் தரம்வீர் காந்தி, அபினித்தோல், கஞ்சா போன்ற பழைய போதைகளுக்குச் சட்டத்தைத் தளர்த்த வேண்டும் என்று வெளிப்படையாகவே வாதிட்டவர். இமாசலப் பிரதேச சட்டமன்றம் 2024 செப்டம்பரில், மருந்துக்கும் தொழிலுக்கும் கஞ்சாச் செடி பயிரிட வழிசெய்யும் தீர்மானத்தை ஏற்றது. இந்தப் பேச்சு நம் வாசலுக்கும் வரும். அப்போது நாம் என்ன பதில் சொல்லப் போகிறோம்?

சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் சட்டத்தைத் தெரிந்து கொள்வோம். வெள்ளையன் காலத்தில் கஞ்சாவுக்குத் தடை இல்லை, வரி இருந்தது. 1893-94இல் ஒரு கமிஷன் விசாரித்து, முழுத் தடை வேண்டாம் என்று அறிக்கை தந்தது. 1961இல் ஐ.நா. ஒப்பந்தம் வந்தது. கஞ்சா பழக்கத்தை 25 ஆண்டுகளுக்குள் ஒழிக்கச் சொன்னது. 1985இல் ராஜீவ் காந்தி ஆட்சியில் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. அதில் கஞ்சாச் செடியின் பூவும் காயும் தடை, பிசினும் தடை. இலை மட்டும் தடைக்குள் வரவில்லை. அதனால்தான் வட மாநிலங்கள் சிலவற்றில் 'பாங்' அரசு அனுமதியோடு விற்கப்படுகிறது.

இந்தச் சட்டப்படி ஒரு கிலோ வரை சிறு அளவு. ஓராண்டு வரை தண்டனை. ஒரு கிலோவுக்கு மேல் 20 கிலோவுக்குள் இருந்தால் பத்தாண்டு வரை. 20 கிலோவுக்கு மேல் என்றால் குறைந்தது பத்தாண்டு, கூடினால் இருபதாண்டு. ஜாமீன் கிடைப்பதும் மிகக் கடினம். பொருள் உன்னிடம் இருந்தது என்று போலீஸ் காட்டிவிட்டால், நான் குற்றமற்றவன் என்று நீதான் நிரூபிக்க வேண்டும். தடா சட்டத்தின் வேதனையை அறிந்த சமுதாயம் நாம். இதன் பொருள் நமக்கு விளங்கும்.

அனுமதி கேட்போரின் வாதங்கள்

கஞ்சாவை அனுமதிக்கச் சொல்பவர்களின் வாதத்தைக் கேட்காமலே திட்டுவது நியாயமல்ல. திருக்குர்ஆன் மது பற்றிப் பேசும்போது (2:219), அதில் மக்களுக்குச் சில பயன்கள் உண்டு என்பதை மறைக்கவில்லை. பயனையும் கேட்டையும் எடை போட்டு, கேடே பெரிது என்று தீர்ப்புச் சொல்கிறது. அந்த முறையிலேயே நாமும் எடை போடுவோம்.

அவர்கள் முதலில் சொல்வது, அது மருந்து என்பது. உண்மைதான். 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையத்தில் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து எடுக்க 27 நாடுகள் வாக்களித்தன. இந்தியாவும் அவற்றில் ஒன்று. 25 நாடுகள் எதிர்த்தன. ஆனால் மருந்துக்கும் ஆராய்ச்சிக்கும் உரிமம் தர 1985ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. நார் எடுக்கும் தொழிலுக்காக உத்தரகாண்ட் 2018இல் உரிமம் தந்தது. நிர்ப்பந்தத்தில் இருக்கும் நோயாளிக்கு மார்க்கமும் சலுகை தருகிறது. ஆக, மருந்துக்கான கதவு வேறு, பெட்டிக்கடைக்கான கதவு வேறு. ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் திறக்கச் சொல்லாதீர்கள்.

அடுத்து, மதுவைவிடக் கஞ்சா தீமை குறைந்தது என்கிறார்கள். இருக்கட்டுமே! பெரிய பாம்பு வீட்டுக்குள் இருக்கிறது என்பதற்காகச் சின்னப் பாம்பையும் உள்ளே விடுவோமா? போதை தருவது எதுவானாலும், அது கொஞ்சமானாலும் ஹராம் என்பது நபி (ஸல்) அவர்கள் வகுத்த எல்லை. மார்க்கத்தை ஏற்காதவருக்கும் ஒன்று சொல்வேன்: இளம் வயதில் தினமும் கஞ்சா புகைப்பவருக்கு மனச்சிதைவு போன்ற நோய்கள் வரும் ஆபத்து கூடுகிறது என்பது இன்று மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட விஷயம்.

மூன்றாவது வாதம், தடை செய்தால் கள்ளச்சந்தை வளரும், திறந்துவிட்டால் ஒழியும் என்பது. தமிழ்நாட்டைவிட இதற்குப் பதில் சொல்லத் தகுந்த ஊர் எது? தெருவுக்குத் தெரு டாஸ்மாக் இருந்தபோதுதான் 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் இருபதுக்கும் மேற்பட்டோர் விஷச் சாராயத்துக்குப் பலியானார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கடை திறந்திருந்தது. கள்ளச்சாராயமும் இருந்தது. கடைச் சரக்கு வாங்கக் காசில்லாத ஏழைதான் அதைக் குடித்துச் செத்தான்.

திண்டுக்கல் கண்ட வரலாறு

திறந்த கதவு மீண்டும் மூடுமா என்று நம் மாவட்டத்தின் வரலாற்றையே கேளுங்கள். 1937இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, பின்னர் மாநிலம் முழுவதும் பரவியது. 1971இல் அதை கலைஞர் அரசு தள்ளி வைத்தது. வேண்டாம் என்று முதிய வயதில் ராஜாஜி நேரில் போய்க் கேட்டும் பலனில்லை. 1973 மே மாதம் இதே திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதியின் இடைத்தேர்தலில் எம்.ஜி.ஆரின் புதுக்கட்சி தன் முதல் வெற்றியைப் பெற்றது. அந்த ஆண்டு கள்ளுக்கடைகளும், அடுத்த ஆண்டு சாராயக் கடைகளும் மூடப்பட்டன. திண்டுக்கல் தோல்விதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மக்களின் மனநிலை ஆட்சியாளர்களுக்குத் தெரிந்தால் கடை மூடும் என்பது மட்டும் தெரிகிறது.

பிறகு? 1981இல் அதே எம்.ஜி.ஆர். ஆட்சியில் கடைகள் மீண்டும் திறந்தன. 1983இல் டாஸ்மாக் பிறந்தது. 2003இல் ஜெயலலிதா ஆட்சியில் சில்லறை விற்பனையையும் அரசே எடுத்துக்கொண்டது. 2011 முதல் 2016 வரை மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையை வைத்திருந்த அமைச்சர் நம் மாவட்டத்துக்காரர். 2016 தேர்தலில் இரண்டு பெரிய கட்சிகளுமே மதுவிலக்கை வாக்குறுதியாகக் கொடுத்தன. வென்ற ஜெயலலிதா 500 கடைகளை மூடினார். 2017இல் இன்னொரு 500. 2023 ஜூனில் அடுத்த ஆட்சி மேலும் 500 கடைகளை மூடியது. அப்போதும் 4,829 கடைகள் மிச்சம் இருந்தன. வருமானம் குறைந்ததா? 2022-23இல் 44,121 கோடி ரூபாய். 2023-24இல் 45,855 கோடி! கடை குறைந்தது, வசூல் கூடியது. கஜானா ஒருமுறை ருசி கண்டுவிட்டால் விடாது, சகோதரர்களே. கஞ்சாவுக்கும் அந்த ருசியைக் காட்டப் போகிறோமா?

தாய்லாந்தைப் பாருங்கள். 2019 தேர்தலில் ஒரு கட்சி, கஞ்சா வளர்த்துப் பணம் சம்பாதிக்கலாம் என்று விவசாயிகளிடம் ஓட்டுக் கேட்டது. அதன் தலைவர் சுகாதார அமைச்சரானார். 2022 ஜூனில் தடை நீங்கியது. கட்டுப்படுத்தும் சட்டம் வருவதற்கு முன்பே ஆயிரக்கணக்கில் கடைகள் முளைத்துவிட்டன. சிறுவர் கையிலும் கஞ்சா போகிறது என்று மக்கள் அலறினார்கள். 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அரசே பின்வாங்கியது. விற்க முதல் போட்டவன் கடையை மூட மறுக்கிறான். பழகியவன் பழக்கத்தை விட முடியாமல் தவிக்கிறான்.

பாவத்தை வெறுப்போம், பிள்ளையைக் கைவிடோம்

இவ்வளவும் சொன்னதால், பிடிபட்டவனைத் தூக்கி உள்ளே போடு என்று நான் பேசுவதாக எண்ண வேண்டாம். அனுமதி கேட்பவர்களின் வாதத்தில் ஒன்று நெஞ்சைத் தொடுகிறது: இந்தச் சட்டத்தில் மாட்டுவது ஏழைதான் என்பது.

திண்டுக்கல் நாலு பக்கமும் வழி பிரியும் ஊர். ரயிலும் உண்டு, கம்பத்துக்கும் பழனிக்கும் கொடைக்கானலுக்கும் பஸ்ஸும் உண்டு. ஆந்திர, ஒடிசா மலைகளில் விளையும் சரக்கு கேரளாவுக்கும் கடல் தாண்டி இலங்கைக்கும் போகிறது. முதலாளி ஊர் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறான். பையைத் தூக்குபவன் நம் தெருப் பையன். 2021 டிசம்பரில் காவல்துறை 'ஆபரேஷன் கஞ்சா வேட்டை' தொடங்கியது. வேட்டையில் சிக்குவது புலியா, முயலா என்று பார்க்க வேண்டாமா?

ஒரு தாய் என்னைத் தேடி வந்தார். கணவர் பூட்டுப் பட்டறைத் தொழிலாளி. பத்தொன்பது வயது மகன், ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு பையைப் பஸ் ஸ்டாண்டில் கொண்டு போய்க் கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறான். பையில் இரண்டு கிலோ. தெருவில் ஒருவரும் அவரோடு வக்கீலிடம் போகத் தயாரில்லை. "ஹஜ்ரத், என் பிள்ளை செய்தது தப்புதான். ஆனா மையித்தாயிட்டா நாலு பேர் தூக்க வருவீங்கள்ல? உசிரோட இருக்கும்போது ஒருத்தரும் வர மாட்டேங்கறீங்களே?" என்றார். இதற்கு என்ன பதில் சொல்வது?

குடித்தவர் ஒருவரைத் தண்டித்தபோது, கூட்டத்தில் ஒருவர் அவரைச் சபித்தார். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். உங்கள் சகோதரனுக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவாதீர்கள் என்ற கருத்தில் எச்சரித்தார்கள். நாம் செய்வது என்ன? பெண் கொடுக்காதே, வீடு வாடகைக்குக் கொடுக்காதே என்று ஒதுக்கி, அவனை வியாபாரியின் கையிலேயே ஒப்படைத்து விடுகிறோம்.

குற்றமே நிரூபிக்கப்படாதவர்களும் உண்டு. 2021 அக்டோபரில் நடிகர் ஷாருக் கானின் மகனைக் கைது செய்தார்கள். அவரிடம் போதைப்பொருள் எதுவும் கைப்பற்றப்படவில்லை. மூன்று வாரத்துக்கும் மேல் காவலிலும் சிறையிலும் இருந்தார். 2022 மே மாதம் போதுமான ஆதாரம் இல்லை என்று குற்றப்பத்திரிகையில் பெயரே சேர்க்கவில்லை. பேர் பெற்ற வக்கீல்கள் இருந்த வீட்டுப் பிள்ளைக்கே இந்த நிலை என்றால், தோல் ஷாப் தொழிலாளியின் பிள்ளைக்கு யார் இருக்கிறார்?

இன்னொன்றையும் குறித்துக் கொள்ளுங்கள். இதே சட்டத்தின் 64-ஏ பிரிவு, போதைக்கு அடிமையானவர் சிறு அளவு வழக்கிலோ உபயோகித்த வழக்கிலோ மாட்டினால், தானே முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகரிக்கப்பட்ட மையத்திலோ சிகிச்சையை முழுமையாகப் பெற்றால், வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. இதை எத்தனை பெற்றோர் அறிவார்கள்? எத்தனை ஜமாஅத்துகள் அறியும்?

என்ன கேட்க வேண்டும்?

ஆகவே வேட்பாளர் வரும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

1. கஞ்சாவுக்கு அனுமதி என்ற பேச்சு வந்தால் உங்கள் கட்சி எந்தப் பக்கம்? மதுக்கடைகளை மூட ஆண்டு வாரியாகக் கணக்கு உண்டா? 'படிப்படியாக' என்றால் எத்தனை படி?

2. 2022இல் திறக்கப்பட்ட திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் போதை மீட்புக்கென எத்தனை படுக்கைகளுக்கும் எத்தனை மனநல மருத்துவர்களுக்கும் உத்தரவாதம் தருவீர்கள்? வத்தலக்குண்டு, வேடசந்தூர், ஒட்டன்சத்திரத்து ஏழைகள் எங்கே போவார்கள்?

3. சிறு அளவு வழக்கில் பிடிபடும் ஒவ்வொருவருக்கும் 64-ஏ பிரிவைச் சொல்லி, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வக்கீல் கிடைக்கச் செய்வீர்களா?

4. பை தூக்கியவன் எத்தனை பேர், பணம் போட்டவன் எத்தனை பேர் தண்டிக்கப்பட்டார்கள் என்று சட்டமன்றத்தில் கேட்பீர்களா?

பதிலை வாயால் வாங்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். ஜெயித்த பிறகு அந்தக் காகிதத்தோடு அவர் அலுவலகத்துக்குப் போங்கள்.

நம் பங்கும் இருக்கிறது. ஒவ்வொரு முஹல்லாவிலும் ஓர் ஆலிம், ஒரு வக்கீல், ஒரு டாக்டர், விஷயம் தெரிந்த இரண்டு தாய்மார்கள் என ஐந்து பேர் போதும். பிள்ளை வழிதவறுகிறான் என்று தெரிந்தால், வெட்கப்படாமல் வந்து சொல்ல ஒரு வாசல் வேண்டும். இந்துச் சகோதரர், கிறிஸ்தவச் சகோதரர் வீட்டுப் பிள்ளைக்கும் அந்த வாசல் திறந்திருக்க வேண்டும். போதை எந்தத் தெருவிலும் மதம் கேட்டு நுழைவதில்லை.

அடுத்த ஜும்ஆவுக்குள் உங்கள் முஹல்லாவில் அந்த ஐந்து பேரைத் தேர்ந்தெடுங்கள். அந்தத் தாயைப் போல வருகிறவரோடு முதல் நாளே ஒருவர் வக்கீலிடம் போகட்டும், ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். அல்லாஹ் நம் பிள்ளைகளையும் எல்லோருடைய பிள்ளைகளையும் காப்பானாக. வஸ்ஸலாம்.